சைக்கிள் சக்கரம் வரைய ஃப்ரீகேட் 1.0: கம்பி கம்பியாக ஒரு மதிப்புரை

ஸ்போக் கம்பி கோத்த சைக்கிள் சக்கரத்தைக் கணினியில் ஒழுங்காக வரைய வேண்டும், அதற்காகச் சந்தா கட்ட மனமில்லை என்பவர்களுக்கு ஃப்ரீகேட் (FreeCAD) 1.0 என்ற முப்பரிமாண வரைபட மென்பொருள் தாராளமாகப் போதும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் மென்பொருளைத் திறந்ததும் பலருக்கும் எதிர்மாறான எண்ணம்தான் வரும். பொத்தான்கள் ஏராளம், ஒரே வேலைக்கு மூன்று வழிகள், எந்தக் கட்டளை எந்த வொர்க்பெஞ்சில் (ஒரு வகை வேலைக்கான கருவிகளின் தொகுதி) இருக்கிறது என்று பிடிபடவே நாளாகும். ஆனாலும் சக்கரம் என்று வரும்போது ஃப்ரீகேட்டின் பலம் சரியான இடத்தில் இருக்கிறது. சக்கரம் முதலில் கணக்கு, பிறகுதான் படம். கணக்கை ஓர் அட்டவணையில் எழுதி, அந்த அட்டவணையிலிருந்தே ரிம் (வெளி வளையம்), ஹப் (நடு உருளை), கம்பி எல்லாவற்றையும் எழுப்பும் வசதி இதில் காசில்லாமல் கிடைக்கிறது.

2002இல் முதல் வெளியீடு கண்ட இந்தத் திறந்த மூல மென்பொருள், 2024 நவம்பரில்தான் 1.0 என்ற எண்ணைத் தொட்டது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கணக்குத் திறக்கவோ இணையத்தில் இருக்கவோ வேண்டியதில்லை. கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கும். இந்த மதிப்புரை 1.0 பதிப்பைப் பற்றியது. அதற்கு முந்தைய 0.21இல் இதே வேலையைச் செய்தவர்களுக்கு ஒரு பெரிய நிம்மதி உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

சிங்கப்பூரில் இது யாருக்குப் பயன்படும்? உயர்நிலைப் பள்ளியில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடம் எடுப்பவர்கள், பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டுத் திட்டம் செய்பவர்கள், வீட்டிலேயே சக்கரம் கோக்கப் பழகுபவர்கள். முக்கியமாக மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்கள். மடக்கிய நிலையில் 120 × 70 × 40 செ.மீ.க்குள் அடங்கினால்தான் ரயிலிலும் பேருந்திலும் ஏற்ற முடியும் என்பதால் இங்கே டயர் உட்காரும் விட்டம் 406, 349 மி.மீ. உள்ள சின்ன ரிம்கள் எங்கும் கண்ணில் படும். சின்ன ரிம்மில் பெரிய ஹப்பைப் போடும்போது கம்பியின் கோணம் எப்படிக் கெடுகிறது என்பதைக் காசு செலவழிக்கும் முன்பே பார்த்துவிட, இப்படி ஒரு வரைபடத்தைவிட நல்ல வழி இல்லை.

அட்டவணையில் தொடங்குங்கள்

ஃப்ரீகேட்டைத் திறந்ததும் ஸ்கெட்ச் (இரு பரிமாணக் கோட்டு வரைவு) போடாதீர்கள். ஸ்பிரெட்ஷீட் வொர்க்பெஞ்சுக்குப் போய் ஓர் அட்டவணை திறங்கள். பக்கத்தில் கூட்டல் கழித்தல் செய்து வந்த விடையை ஸ்கெட்ச்சில் தட்டுகிறவர்கள், ஹப்பை மாற்றும் நாளில் எல்லாவற்றையும் மறுபடி வரைவார்கள்.

எடுத்துக்காட்டாக, 700சி அளவில் (டயர் உட்காரும் விட்டம் 622 மி.மீ.) 32 துளை, மூன்று குறுக்குக் கோப்பு (ஒவ்வொரு கம்பியும் அதே பக்கத்தின் மூன்று கம்பிகளைக் குறுக்கிடும் பின்னல்) கொண்ட ஒரு முன்சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். அட்டவணையில் வேண்டியவை: இ.ஆர்.டி. (கீழே விளக்குகிறேன்) 600 மி.மீ., ஹப் ஃபிளேஞ்சின் (கம்பிகள் மாட்டும் ஓர வட்டு) துளை வட்ட விட்டம் 45 மி.மீ., சக்கர மையத்திலிருந்து ஃபிளேஞ்ச் வரை 35 மி.மீ., ஃபிளேஞ்ச் துளை விட்டம் 2.6 மி.மீ., கம்பி விட்டம் 2.0 மி.மீ., துளை எண்ணிக்கை 32, குறுக்கு எண்ணிக்கை 3. ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு மாற்றுப்பெயர் கொடுங்கள். ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்ந்த பெயரைச் செல் முகவரி என்று நினைத்து மென்பொருள் ஏற்காது. அதனால் கொஞ்சம் நீளமான பெயராக வையுங்கள். நீளங்களுக்கு மி.மீ. அலகைச் சேர்த்தே எழுதுங்கள். ஒரு செல்லில் அலகு இருந்து இன்னொன்றில் இல்லாவிட்டால், இரண்டையும் கூட்டும் இடத்தில் அலகு பொருந்தவில்லை என்று சிவப்பில் நிற்கும். தொடக்கத்தில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

இ.ஆர்.டி. என்பது ரிம்முக்குள் எதிரெதிரே கம்பிகள் முடியும் இடங்களுக்கு இடைப்பட்ட விட்டம். 622 என்பது டயர் உட்காரும் விட்டம். இரண்டும் ஒன்றில்லை. டயர் அளவையே கணக்கில் போட்டால் ஆரம் 300க்குப் பதில் 311 ஆகிவிடும், கம்பி ஏறக்குறைய 11 மி.மீ. நீளமாக வரும். கம்பி முனையை ரிம்மில் இறுக்கும் நிப்பிளைத் தாண்டிக் கம்பி, உள்டயரைக் காக்கும் ரிம் டேப்பைக் குத்தும் நீளம் அது. கையில் ரிம் இருந்தால் எதிரெதிர்த் துளைகளில் இரண்டு பழைய கம்பிகளை நிப்பிளோடு மாட்டி, இழுத்துப் பிடித்து அளப்பதே நம்பகமான வழி.

கம்பி நீளத்துக்கான கணக்கு: ரிம் ஆரத்தின் வர்க்கம், ஹப் துளை வட்ட ஆரத்தின் வர்க்கம், ஃபிளேஞ்ச் விலகலின் வர்க்கம் மூன்றையும் கூட்டுங்கள். அதிலிருந்து இரண்டு மடங்கு ரிம் ஆரம் × ஹப் ஆரம் × கோணத்தின் கோசைன் என்பதைக் கழியுங்கள். வர்க்கமூலம் எடுத்து, ஃபிளேஞ்ச் துளையின் பாதி விட்டத்தைக் கழியுங்கள். கோணம் என்பது குறுக்கு எண்ணிக்கை × 360 ÷ ஒரு பக்கத்துத் துளைகள். நம் சக்கரத்தில் 3 × 360 ÷ 16 = 67.5 பாகை. ஃப்ரீகேட்டின் கோசைன், அலகு இல்லாத எண்ணைப் பாகையாகவே எடுத்துக்கொள்ளும், ரேடியனுக்கு மாற்ற வேண்டியதில்லை. விடை 294.2 − 1.3 = 292.9 மி.மீ. கம்பி பெரும்பாலும் இரட்டைப்படை நீளங்களில்தான் கிடைக்கும், 292 வாங்கலாம். இறுக்கும்போது கம்பி கொஞ்சம் நீளும், ரிம் கொஞ்சம் ஒடுங்கும். அதனால் கீழ்ப்பக்கம் முழுமையாக்குவதே பாதுகாப்பு. அதே செல்லில் குறுக்கை 2 ஆக்கினால் 285.4, நேர்க்கோப்பாக 0 ஆக்கினால் 278.4 என்று உடனே மாறும்.

நான்கு கம்பி போதும், ஆனால் நான்கு வேண்டும்

அநேகமாக எல்லாத் தொடக்கநிலைப் பயிற்சிகளும் இங்கேதான் வழிதவறுகின்றன. ஒரு கம்பியை வரைந்து, அதை 32 தடவை வட்டமாகச் சுழற்றினால் தூரத்திலிருந்து பார்க்கச் சக்கரம் போலத்தான் இருக்கும். ஆனால் எல்லாக் கம்பியும் ஒரே ஃபிளேஞ்சில், ஒரே திசையில் சாய்ந்து நிற்கும். மிதித்தால் ஹப் முறுக்கிக்கொண்டு சுழலும். பக்கவாட்டில் தாங்க எதுவுமில்லை.

உண்மையான கம்பிக் கோப்பு நான்கு கம்பிகளின் கூட்டம். வலப்பக்கம் முன்சாய்வு, வலப்பக்கம் பின்சாய்வு, இடப்பக்கம் முன்சாய்வு, இடப்பக்கம் பின்சாய்வு. இந்த நான்கையும் சரியாக வரைந்து 45 பாகைக்கு ஒன்றாக 8 தடவை சுழற்றினால் 32 கம்பியும் தம் துளைகளில் உட்காரும். 36 துளைக்கு 40 பாகை இடைவெளியில் 9 தடவை, 28 துளைக்கு 7 தடவை, 24க்கு 6, 20க்கு 5.

அச்சை இசட் திசையில் வைத்துக்கொண்டால் கோணங்கள் இப்படி அமையும். வலப் ஃபிளேஞ்ச் +35 மி.மீ. உயரத்தில். முதல் கம்பி ரிம்மில் 0 பாகையிலிருந்து ஹப்பில் 67.5 பாகைக்குப் போகிறது. இரண்டாவது ரிம்மில் 22.5இலிருந்து ஹப்பில் −45க்கு. இட ஃபிளேஞ்ச் −35 மி.மீ.யில். மூன்றாவது ரிம்மில் 11.25இலிருந்து ஹப்பில் 78.75க்கு. நான்காவது ரிம்மில் 33.75இலிருந்து ஹப்பில் −33.75க்கு. இட ஃபிளேஞ்சின் துளைகள் வலப் ஃபிளேஞ்சின் துளைகளுக்கு நேராக இல்லாமல், நடுவே விழுவதைக் கவனியுங்கள். அந்த 11.25 பாகைத் திருப்பத்தை மறந்து, ஒரு ஃபிளேஞ்சைக் கண்ணாடிப் பிரதியாக்கி இரண்டாவதை உண்டாக்கினால், இடப்பக்கக் கம்பிகளில் பாதி 290 மி.மீ.க்கும் மீதி 298 மி.மீ.க்கும் வரும். ஒரே பக்கத்தில் 8 மி.மீ. வித்தியாசம். படத்தில் அது கண்ணுக்கே தெரியாது, கம்பியின் நீளத்தை அளந்தால்தான் அகப்படும். அதனால் ஃபிளேஞ்சை மிரர் செய்யாதீர்கள். நகலெடுத்துத் திருப்புங்கள்.

வால்வுத் துளையும் கண்ட இடத்தில் வரக்கூடாது. மேலே சொன்ன கணக்கில் −5.625 பாகையில், அதாவது 0 பாகைத் துளைக்கும் அதற்கு முந்தைய துளைக்கும் நடுவில் வையுங்கள். அங்கே இரு பக்கக் கம்பிகளும் வால்விலிருந்து விலகிச் சாய்கின்றன, பம்பின் தலை நுழைய இடம் கிடைக்கும். 11.25க்கும் 22.5க்கும் நடுவில் வைத்தால் வால்வுக்கு மேலேயே இரண்டு கம்பிகள் குறுக்கிடும். துளை விட்டம் பிரெஸ்டா வால்வுக்கு 6.5, ஷ்ரேடருக்கு 8.5 மி.மீ.

வரையும் முறை

ரிம்மும் ஹப்பும் எளிது. பார்ட் டிசைனில் குறுக்குவெட்டை ஸ்கெட்ச்சாக வரைந்து ரெவல்யூஷன் (அச்சைச் சுற்றிச் சுழற்றித் திண்மமாக்கும் கட்டளை) கொடுத்தால் வேலை முடிந்தது. ஸ்கெட்ச்சில் அளவு கேட்கும் பெட்டியில் சமக்குறியை அழுத்தினால் சூத்திரம் எழுதும் சின்னச் சாளரம் திறக்கும், அதில் அட்டவணையின் மாற்றுப்பெயரைக் கொடுங்கள். எல்லாக் கட்டுப்பாடுகளும் நிறைந்ததும் கோடுகள் பச்சையாகும். பச்சையாகாத ஸ்கெட்ச்சை மூடிவிட்டுப் போகாதீர்கள், அட்டவணையை மாற்றும்போது அது தன் இஷ்டத்துக்கு நெளியும்.

கம்பிதான் சுவாரசியமான பகுதி. ஹப் முனையில் ஜே (J) எழுத்துபோல வளைந்த கம்பியை முப்பரிமாணக் கோடாக வரையப் பலர் திண்டாடுகிறார்கள். தேவையே இல்லை. ஃபிளேஞ்ச் துளையின் அச்சு இசட் திசையில் நிற்கிறது. அந்த அச்சையும் ரிம் துளையையும் தொட்டுச் செல்லும் தளம் ஒன்றே ஒன்றுதான். கம்பியின் தலை, வளைவு, நேர்ப்பகுதி எல்லாமே அந்த ஒரே தளத்தில் கிடக்கின்றன. ஆகவே சாதாரண ஸ்கெட்ச் போதும், தளத்தைச் சரியாக நிறுத்தினால் சரி. முதல் கம்பிக்கு ஹப் துளை 8.61, 20.79 என்ற புள்ளியில் இருக்கிறது. ரிம் துளை 300, 0. அந்தத் தளம் எக்ஸ் அச்சிலிருந்து −4.08 பாகை திரும்பியிருக்கும். டேட்டம் தளத்தை (நாமே நிறுத்தும் துணைத்தளம்) அந்தப் புள்ளியில் வைத்து, அந்தக் கோணத்துக்குத் திருப்புங்கள். இரண்டு எண்களையும் அட்டவணையே கணக்கிட்டுக் கொடுக்கட்டும். ஸ்கெட்ச்சுக்குள் கிடைநீளம் 292.13, இறக்கம் 35. ரிம்மில் துளைகள் ஒன்றுவிட்டு ஒன்று இடம் வலமாக 2 மி.மீ. தள்ளியிருந்தால் இறக்கம் 33 ஆகும். நீளத்தில் இதனால் வரும் மாற்றம் 0.2 மி.மீ.தான். வாங்கும் நீளம் அதனால் மாறாது, ஆனால் படத்தில் நிப்பிள் துளையின் நடுவில் உட்கார அது வேண்டும்.

வளைவின் ஆரம் கம்பியின் ஆரத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். 2 மி.மீ. கம்பிக்கு 1 மி.மீ. அல்லது அதற்குக் கீழே வைத்தால் குழாய் தன்னையே வெட்டிக்கொள்ளும், கோட்டின் வழியே குழாய் எழுப்பும் அடிட்டிவ் பைப் கட்டளை தோற்றுவிடும் அல்லது உடைந்த திண்மம் ஒன்றைத் தரும். 2.5 வைத்தால் பிரச்சினை இல்லை. பைப்புக்கு வேண்டிய வட்டத்தை நேர்ப்பகுதியின் ரிம் முனையில், விளிம்புக்குச் செங்குத்து என்ற இணைப்பு முறையில் வையுங்கள். கண்ணால் பார்த்துத் திருப்பி வைத்த வட்டம் கம்பியை நீள்வட்டமாக்கும்.

நிப்பிளில் மரை வரைய வேண்டாம். 2 மி.மீ. கம்பியின் மரை அங்குலத்துக்கு 56. அப்படி 32 நிப்பிளில் மரை வெட்டினால் எந்தக் கணினியும் மூச்சுத் திணறும், பயன் ஒன்றுமில்லை. 12 மி.மீ. நீள உருளை, சாவி பிடிக்கும் சதுரப்பகுதி 3.23 மி.மீ., அவ்வளவு போதும்.

நான்கு கம்பிகளும் நான்கு தனித்தனி பாடிகளாக (பார்ட் டிசைனின் திண்மங்கள்) இருக்கட்டும். அவற்றை ஒரு பார்ட் கொள்கலனுக்குள் போட்டு, டிராஃப்ட் வொர்க்பெஞ்சின் போலார் அரே கட்டளையில் எண்ணிக்கை 8, கோணம் 360 கொடுங்கள். லிங்க் என்ற பெட்டியில் குறி இருக்கட்டும், ஃபியூஸ் பெட்டியில் குறி வேண்டாம். லிங்க் இருந்தால் மென்பொருள் வடிவத்தை ஒருமுறை மட்டும் வைத்துக்கொண்டு எட்டு இடத்தில் காட்டும், கோப்பு இலகுவாக இருக்கும். ஃபியூஸ் போட்டால் 32 கம்பியையும் ஒட்டவைக்க முயன்று நின்றுவிடும். அரே வேறு அச்சில் சுழன்று கம்பிகள் பந்து போல எழும்பினால் பதறாதீர்கள், டிராஃப்ட் வேலைத்தளம் மேற்பார்வைத் தளமாக இல்லை என்பதுதான் காரணம். அரேயின் ஆக்ஸிஸ் பண்பை 0, 0, 1 ஆக்கினால் படியும்.

இதையே பார்ட் டிசைனின் போலார் பேட்டர்னால் ஏன் செய்யக் கூடாது? ஒரு பாடிக்குள் ஒன்றையொன்று தொடாத துண்டுகள் இருக்கக்கூடாது என்பது ஃப்ரீகேட்டின் பழைய விதி. கம்பிகள் தொடாமல்தான் நிற்கும். 1.0இல் இதைத் தளர்த்தும் தெரிவு வந்திருக்கிறது, ஆனால் சக்கரத்துக்கு அதை நம்பாமல் டிராஃப்ட் வழியைப் பிடிப்பதே மேல். ரிம்மில் துளை போடும் வேலைக்கு மட்டும் போலார் பேட்டர்ன் பொருந்தும், அது ஒரே திண்மம்.

குறுக்கிடும் இடத்தில் ஒரு முடிவெடுக்க வேண்டும்

ஃபிளேஞ்சில் கம்பிகள் ஒன்றுவிட்டு ஒன்று உள்ளே தலை, வெளியே தலை என்று மாறி மாறிப் போகும். ஃபிளேஞ்ச் 3 மி.மீ. தடிமன், கம்பி 2 மி.மீ. என்றால் இரு வகைக் கம்பிகளின் மையக்கோடுகளும் ஃபிளேஞ்சில் 5 மி.மீ. விலகி நிற்கும். ரிம்மை நெருங்க நெருங்க இந்த இடைவெளி குறையும். நம் சக்கரத்தில் கடைசிக் குறுக்கு அச்சிலிருந்து சுமார் 81 மி.மீ. தூரத்தில் வருகிறது. அங்கே மையக்கோடுகளின் இடைவெளி ஏறக்குறைய 3.8 மி.மீ. கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல் கடந்துபோகும்.

நிஜச் சக்கரத்தில் அப்படி விடுவதில்லை. கடைசிக் குறுக்கில் வெளிக்கம்பியை உட்கம்பிக்கு அடியில் கொண்டுபோய்ப் பின்னுவார்கள், இரண்டும் தொட்டு உரசும். இதைப் படத்தில் கொண்டுவர ஒவ்வொரு கம்பியும் அந்த இடத்தில் ஏறக்குறைய 2.9 மி.மீ. விலக வேண்டும். கம்பி அதே தளத்துக்குள்ளேயே விலகுவதால், ஸ்கெட்ச்சில் நேர்க்கோட்டை அந்த ஒரு புள்ளியில் மடித்தால் போதும். மடிப்பில் சின்ன ஆரம் கொடுங்கள். நீளத்தில் இது மில்லிமீட்டரில் சிறு பின்னம்தான் கூட்டும். அளவுக்காக வரைகிறவர்கள் நேராகவே விட்டுவிடலாம். காட்சிப்படமோ அச்சு மாதிரியோ செய்கிறவர்கள் மடிக்கத்தான் வேண்டும். பின்னாத சக்கரத்தைச் சக்கரம் கோக்கத் தெரிந்த எவரும் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எங்கே இடறுகிறது

முன்பு சொன்ன நிம்மதி இதுதான். 0.21 வரை, ஒரு ஸ்கெட்ச்சில் ஒரு கோட்டைக் கூட்டினாலோ குறைத்தாலோ, அதற்குப் பிறகு போட்ட சேம்ஃபர்களும் (ஓரச் சரிவு) ஃபில்லெட்களும் (ஓர உருட்டல்) வேறு விளிம்புக்குத் தாவிவிடும். ஹப் ஃபிளேஞ்சின் ஓரத்தில் போட்ட சரிவு, அச்சுத்துளையின் வாயில் போய் நிற்கும். 1.0இல் இதற்கான திருத்தம் உள்ளேயே வந்துவிட்டது, தாவல் வெகுவாகக் குறைந்திருக்கிறது. முழுக்க ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சேம்ஃபர், ஃபில்லெட் எல்லாவற்றையும் வரைவுப் படிகளைக் காட்டும் மரத்தின் கடைசியில் வைக்கும் பழக்கத்தை விடவேண்டாம்.

அட்டவணையின் ஒரு செல்லைத் தொட்டால் அதை நம்பியிருக்கும் எல்லாமே மறுகணக்கு ஆகும். ஐந்து எண்களை மாற்ற வேண்டுமானால் ஆவணத்தின் மேல் வலச்சொடுக்கி மறுகணக்கை நிறுத்திவைத்து, எல்லாவற்றையும் மாற்றிவிட்டு ஒரே தடவை ஓட்டுங்கள். டெக்டிரா வொர்க்பெஞ்சில் இரு பரிமாணத் தாள் எடுப்பது இன்னும் மெதுவு. 32 கம்பியும் ஒன்றையொன்று மறைப்பதைக் கணக்கிட்டு மறைகோடுகளை நீக்க வேண்டியிருக்கிறது. பார்வையின் கோர்ஸ் வியூ பண்பை இயக்கினால் வேகம் கூடும், வளைகோடுகள் கொஞ்சம் முரடாகும். தாளில் சக்கரம் முழுவதையும் போடாமல், நான்கு கம்பிக் கூட்டம் ஒன்றையும் துளைக் கோணங்களையும் மட்டும் போட்டால் பட்டறைக்கு அதுவே தெளிவு.

வரைந்தது சரியா என்று பார்க்க எடையைச் சரிபாருங்கள். பைத்தான் கட்டளைப் பலகையில் ஒரு கம்பியின் கன அளவைக் கேட்டால் 293 மி.மீ. நீளத்துக்கு 920 கன மி.மீ. அளவில் வரவேண்டும். துருப்பிடிக்காத எஃகின் அடர்த்தியில் அது சுமார் 7.3 கிராம், 32 கம்பிக்கு 234 கிராம். படத்தில் 300 கிராம் காட்டினால் கம்பி விட்டத்தில் எங்கோ தவறு.

மற்ற மென்பொருள்களோடு

ஆட்டோடெஸ்க் ஃபியூஷனில் கம்பி வரைவது எளிது என்பதில் சந்தேகமில்லை. கோட்டைத் தேர்ந்து பைப் கட்டளை கொடுத்தால் விட்டம் கேட்டு உருளையாக்கிவிடும், வட்டம் தனியாக வரையத் தேவையில்லை. சர்க்குலர் பேட்டர்ன் தனித்தனித் துண்டுகளைத் தயங்காமல் ஏற்கும். மாணவர்களுக்குக் கல்வி உரிமம் இலவசம், கல்லூரிப் பாடத்துக்கு அதுவே போதும். தனிப்பட்ட உரிமத்தில் ஒரே நேரத்தில் 10 ஆவணங்களை மட்டுமே திருத்தலாம், வணிக வேலைக்கு ஆகாது. அளவுகளை ஓர் அட்டவணையாக விரித்துப் பார்த்து யோசிக்கும் வசதியில் ஃப்ரீகேட்டையே நான் உயர்த்திச் சொல்வேன்.

ஆன்ஷேப் உலாவியிலேயே ஓடும், பள்ளியின் குரோம்புக்கில்கூட வேலை நடக்கும். ஆனால் இலவசத் திட்டத்தில் நீங்கள் வரைவது எல்லோரும் பார்க்கக்கூடிய ஆவணமாகவே இருக்கும். போட்டிக்கு அனுப்பும் வடிவமானால் யோசியுங்கள். நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு ஓப்பன்ஸ்கேட் ஒத்துவரும், நான்கு கம்பிக் கூட்டம் அங்கே ஒரு சுழற்சிக்குள் முடிந்துவிடும். ஆனால் ஜே வளைவு போன்ற நுணுக்கங்களுக்கு அது அலுப்பூட்டும்.

சின்ன ரிம், பெரிய ஹப்

மடக்கு சைக்கிளில் உள்கியர் ஹப்போ மோட்டார் ஹப்போ மாட்டப் பார்ப்பவர்கள் அட்டவணையில் இன்னொரு செல் சேர்த்தே ஆகவேண்டும். கம்பி ரிம்மைச் சந்திக்கும் சாய்வு அது. ஹப் ஆரம் × கோணத்தின் சைன் என்பதை, ரிம் ஆரத்திலிருந்து ஹப் ஆரம் × கோசைனைக் கழித்து வருவதால் வகுத்து, டேன் தலைகீழ் எடுங்கள். 700சி முன்சக்கரத்தில் இது வெறும் 4 பாகை. அதுவே ரிம் ஆரம் 165, ஹப் துளை வட்ட விட்டம் 90, துளை 28 என்று வைத்துப் பாருங்கள். மூன்று குறுக்கில் 15.8 பாகை, இரண்டு குறுக்கில் 14.4, ஒரு குறுக்கில் 8.9. நிப்பிள் ஆரத்தின் வழியே நேராக நிற்க விரும்பும். கம்பி இவ்வளவு சாய்ந்து இழுத்தால், மரை தொடங்கும் இடத்திலேயே கம்பி மடியும். சில மாதங்களில் ஒவ்வொன்றாக அறுந்துவிழுவது அந்த இடத்தில்தான். பெரிய ஹப்புக்கு ஒரு குறுக்கே நல்லது என்று சக்கரம் கோப்பவர்கள் சொல்வதன் கணக்கு இது. ஃப்ரீகேட்டில் குறுக்கு என்ற ஒற்றை எண்ணை மாற்றி, நிப்பிள் துளையைப் பெரிதாக்கிப் பார்த்தால் கம்பி துளையின் ஓரத்தில் இடிக்கிறதா இல்லையா என்பது கண்ணெதிரே தெரியும்.

பின்சக்கரம் என்றால் இரண்டு விலகல்களையும் தனித்தனிச் செல்லில் வையுங்கள். கேசட் (பல்சக்கரத் தொகுதி) உள்ள வலப்பக்கம் 18, இடப்பக்கம் 36 மி.மீ. என்று இருந்தால் இடப்பக்கக் கம்பிகளின் இறுக்கம் வலப்பக்கத்தில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். கம்பி நீளமும் மாறும், அதனால் இடப்பக்கத்தை வலப்பக்கத்தின் நகலாக எடுக்கவே முடியாது.

அச்சு மாதிரிக்கு அனுப்பும் முன்

பள்ளிப் பட்டறையிலோ நூலகத்தின் மேக்இட் கூடத்திலோ முப்பரிமாண அச்சு எடுக்க நினைப்பவர்கள் ஐந்தில் ஒரு பங்கு அளவில் தொடங்கலாம். 700சி ரிம்மின் வெளிவிட்டம் அப்போது 127 மி.மீ. சுற்றி வரும், பெரும்பாலான அச்சுத்தட்டுகளில் அடங்கும். கம்பிதான் சிக்கல். 2 மி.மீ. கம்பி 0.4 மி.மீ. ஆகிவிடும், அது வழக்கமான அச்சு முனையின் அகலத்துக்குச் சமம். ஒற்றை இழையாக வந்து, தட்டிலிருந்து எடுக்கும்போதே ஒடியும். எஸ்டிஎல் (அச்சுக்கான கோப்பு) எடுக்கும் முன் அட்டவணையில் கம்பி விட்டத்தை 6 மி.மீ. ஆக்கி, அதோடு வளைவின் ஆரத்தையும் 2.5இலிருந்து 4க்கு உயர்த்துங்கள். இல்லாவிட்டால் பைப் மறுபடி தோற்கும். குறுக்கிடும் இடங்களில் கம்பிகள் இப்போது ஒன்றுக்குள் ஒன்று புகும், அது அச்சுக்கு நன்மையே, கம்பிகள் அங்கே ஒட்டிக்கொண்டு உறுதியாக நிற்கும். சக்கரத்தைப் படுக்கவைத்து அடியில் தாங்கிகளோடு எடுங்கள், நிற்கவைத்து எடுத்தால் மேல்பாதிக் கம்பிகள் தொய்ந்துவிடும். அச்சு முடிந்ததும் கம்பி விட்டத்தை 2.0க்கும் வளைவை 2.5க்கும் திருப்பிவைத்துக் கோப்பைச் சேமியுங்கள்.